சொந்த ஊர் மலிவான ஊர் இல்லை

பெங்களூர் அல்சூர் ஏரிப் பக்கம் காலையில் நடக்கிற எங்கள் கோஷ்டியில் எட்டுப் பேர். எல்லாருமே நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள், முக்கால்வாசிப் பேர் ஐ.டி. நடை முடிந்து டீக்கு நின்றால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்துக்கு வந்துவிடும்: "ஐம்பதோட முடிச்சுக்கிட்டு ஊருக்குப் போயிடணும்ப்பா. அங்க முப்பதாயிரம் இருந்தா ராஜா மாதிரி இருக்கலாம்."

நான் அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்தவன். அதனால் இந்தப் பேச்சு வந்தாலே எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜூனில் வேலையை விட்டேன். வயது 49. ஃப்ளாட் கடன் முடிந்திருந்தது, பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டல். ஃப்ளாட்டை 31,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பதினொரு மாத அக்ரிமெண்ட் போட்டு, நானும் மனைவியும் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிக்குப் போனோம். எங்கள் கிராமம் அங்கிருந்து பக்கம். டவுனிலேயே மாடியும் கிணறும் உள்ள வீடு, வாடகை 7,500. மாதச் செலவு 35,000 என்று கணக்குப் போட்டிருந்தேன். பதினொரு மாதம் கழித்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால் சராசரி 58,000.

வாடகை, காய்கறி, மீன், கரண்ட் எல்லாம் நான் போட்ட கணக்குக்குள்ளேயே நின்றன. அதில் பொய் இல்லை. சேதுபாவாசத்திரத்திலிருந்து வரும் மீனைப் பெங்களூர் விலையோடு ஒப்பிட்டால் சிரிப்புதான் வரும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீருக்கு எல்லாரும் அல்லாடியபோது, குடியிருந்தவர் ஃபோன் பண்ணி டேங்கர் காசை யார் தருவது என்று கேட்டார். நான் அப்போது தென்னந்தோப்பில் போர் தண்ணீர் மடையில் காலை நனைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நாள் நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

கிளம்பும்முன் போட்ட கணக்கில் நான் எழுதாமல் விட்டிருந்த வரி, மொய்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பேராவூரணி, கீரமங்கலம், ஆலங்குடி வட்டாரத்தில் ஆடி வந்தால் மொய் விருந்து. கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். விருந்து போட்டாலே போதும், மொய் வரும். ஆட்டுக்கறிச் சோறு, எழுத மேஜை, மேஜையில் ஊர் ஊராகப் பிரித்த நோட்டுகள், பணம் எண்ண மெஷின். போட்டவர் விருந்து வைக்கும்போது வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்துப் போட வேண்டும். வட்டியில்லாக் கடன் என்பார்கள். உண்மைதான். 2018இல் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்த பிறகு பங்காளி ஒருவர் மொய்ப் பணத்தில்தான் மறுபடி கன்று வைத்தார். அதனால் இதைக் கேலி செய்ய எனக்கு வாய் வராது.

நான் ஊருக்குப் போகும் முன்பே அப்பா காலமாகிவிட்டார். அவருடைய மொய் நோட்டு அண்ணனிடம் இருந்தது. நீளமான கணக்கு நோட்டு, முனை மடங்கி, ஆவணம், குருவிக்கரம்பை, நாடியம் என்று ஊர்வாரியாக அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. செய்து முடித்த வரிகளில் சிவப்பு டிக். அண்ணன் தன் பங்குக்குச் செய்துகொண்டு வந்தார். நான் பெங்களூரில் இருந்தவரை என் பேரில் ஐந்நூறு, ஆயிரம் அவரே போட்டுவிடுவார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

நான் போன முதல் ஆடியில் ஒரு விருந்து. மேஜையில் எழுதுகிற பையன் நிமிராமலே "ஊர்?" என்றான். இருபத்தைந்து வருஷப் பழக்கத்தில் "பெங்களூர்" என்றேன். பின்னால் நின்ற மச்சான் தோளில் தட்டினார். "இன்னும் என்ன பெங்களூரு? ஊர்ப் பேரையே எழுது தம்பி." பையன் அந்த நோட்டை மூடிவிட்டு எங்கள் கிராமத்து நோட்டைத் திறந்தான். எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. வெளியூர் நோட்டுக்கும் உள்ளூர் நோட்டுக்கும் தொகை வேறு என்பது அடுத்த வாரம்தான் புரிந்தது. அப்பா நோட்டில் டிக் விழாத பாதி வரிகள் என் பக்கம் திரும்பின. பதினொரு மாதத்தில் விருந்து, கல்யாணம், காதுகுத்து, கும்பாபிஷேக வரி எல்லாம் சேர்த்து 1,86,000 ரூபாய். கைமாற்றாகப் போனது தனி. அதை எழுதி வைத்தால் மனைவி படித்துவிடுவாள் என்பதால் எழுதவில்லை.

இதற்குச் சித்தப்பா ஒரு வழி சொன்னார். "நீயும் ஒரு விருந்தை வச்சிடு தம்பி. பத்துப் பன்னெண்டு லட்சம் விழும்." வீட்டுக் கடனை அடைத்துவிட்டு வந்தவனுக்கு, சாகும்வரை திருப்பித் தரவேண்டிய இன்னொரு கடன்! சம்பளமோ தோப்போ இருப்பவருக்கு அது ஓடும். சேமிப்பை வைத்துச் சாப்பிடுகிறவனுக்கு ஓடாது.

இதையெல்லாம் விட என்னை அசைத்தது வேறு. பெங்களூரில் லிஃப்டில் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரர் "ஊட்ட ஆய்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்பார், "ஆய்து" என்றால் முடிந்தது. நான் வேலைக்குப் போகிறேனா இல்லையா என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. ஊரிலோ கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் மூன்று பேர்: "லீவா?", "வேலை போயிருச்சாமே?", "எவ்வளவு குடுத்து அனுப்பினாங்க?" நாமாக விட்டோம் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. நாலு மாதம் கழித்து நானே "வீட்டிலிருந்து வேலை" என்று சொல்ல ஆரம்பித்தேன். வேலையை விட்டவன், வேலை பார்ப்பதுபோல் பகலில் கதவைச் சாத்திக்கொண்டு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். இதற்குப் பெயர் ஓய்வா?

ஆஸ்பத்திரி விஷயம் ஒன்று. எனக்குச் சர்க்கரை. கம்பெனி கொடுத்த குரூப் இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும். நல்லவேளையாக வேலையில் இருக்கும்போதே தனியாக ஒரு பாலிசி எடுத்திருந்தேன். ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருஷம் காத்திருப்பு வைக்கலாம் என்பது 2024இல் வந்த விதி. அதற்கு முன் நான்கு. ராஜினாமா கடிதத்துக்குப் பிறகு பாலிசி தேடுகிற நண்பர்கள் இதை யோசியுங்கள். பாலிசி இருந்தும், மனைவிக்குப் பித்தப்பைக் கல் வந்தபோது கேஷ்லெஸ் கிடைக்கிற இடம் தேடிப் பட்டுக்கோட்டை தாண்டித் தஞ்சாவூர் வரை போனோம். எழுபது கிலோமீட்டர், இரவில், வாடகைக் காரில்.

யூடியூபைப் பார்த்து "4 சதவீத விதி" பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் வருஷம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டே போனாலும் பணம் தீராது என்பதுதான் அந்த விதி. அது 1994இல் வில்லியம் பெங்கன் என்பவர் அமெரிக்கப் பங்கு, பத்திரக் கணக்குகளை வைத்து, முப்பது வருஷத்துக்குப் போட்ட கணக்கு. 49இல் விடுகிறவனுக்கு நாற்பது வருஷம் வேண்டும், அதுவும் நம் ஊர் விலைவாசியில். அரசாங்கக் கதவுகளும் அந்த வயதில் சாத்தியே இருக்கும். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் வரை போடலாம், ஆனால் 60 வயது ஆக வேண்டும். முறையாக ஓய்வோ வி.ஆர்.எஸ்ஸோ பெற்றவர் என்றால் 55. பி.எஃப். பென்ஷன் 58க்கு. 50இலிருந்தே கேட்கலாம், முன்கூட்டி வாங்குகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைத்துத் தருவார்கள்.

பதினொரு மாத அக்ரிமெண்ட் முடிந்ததும் ஃப்ளாட்டைக் காலி செய்யச் சொல்லித் திரும்பினோம். ஃப்ளாட்டை விற்காமல் போனது மட்டும்தான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். விற்றிருந்தால் லாபத்துக்கு வரி, வரியைத் தவிர்க்க இரண்டு வருஷத்துக்குள் இன்னொரு வீடு என்று ஊரிலேயே மாட்டிக்கொண்டிருப்பேன். போக நினைப்பவர்கள் முதலில் வாடகைக்குப் போங்கள். ஒரு ஆடி, ஒரு தை இரண்டையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதற்காகப் பெங்களூரே கதி என்று இல்லை. இந்த நகரம் என் சேமிப்புக்கு மேல். அடுத்த தைக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன், வாடகை 9,000. தமிழ் பேசுகிற ஊர், பெங்களூர் ஆஸ்பத்திரிக்குத் தொண்ணூறு கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். அங்கே எங்களுக்கு ஒரு சொந்தக்காரர்கூடக் கிடையாது. கோஷ்டியில் சொன்னால் "தெரியாத ஊர்ல போய் என்னப்பா பண்ணுவே?" என்கிறார்கள். தெரியாத ஊர் என்பதால்தான் போகிறேன்.

நேற்று அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு விருந்துப் பத்திரிகை அனுப்பியிருந்தார். அடியில் க்யூ.ஆர். கோடு, "வெளியூர் உறவுகள் வசதிக்காக" என்று. அப்பாவின் நோட்டைப் பார்த்துவிட்டு அண்ணனே சொன்னார், அவர்கள் நமக்குப் போட்டது மூவாயிரம். மனைவி, "ஐயாயிரமா அனுப்புங்க, ஊர்ப் பேர் கேட்டா பெங்களூர்னே போடுங்க" என்றாள். அனுப்பிவிட்டேன்.