ஃபன்னி கேம்ஸ்: துப்பாக்கி சுடும்போது கேமரா எங்கே இருக்கிறது?

இயக்குநர் ஹனகேவின் 1997 ஆஸ்திரியப் படமான ஃபன்னி கேம்ஸ், பால் (Paul), பீட்டர் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு குடும்பத்தை அவர்களது விடுமுறை வீட்டில் பிடித்துவைத்து வதைக்கும் கதை. அதை "வன்முறையை ரசிக்கும் படம்" என்று ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்தக் குடும்பத்துச் சிறுவன் சுடப்படும் இடத்தை மறுபடி பாருங்கள். கேமரா சமையலறையில் இருக்கிறது. அங்கே பால் தனக்குச் சாப்பிட ஏதோ எடுத்துக்கொண்டிருக்கிறான், நமக்கு வெடிச்சத்தமும் அலறலும் மட்டும்தான். அடுத்து ரத்தம் தெறித்த டிவி, அதில் கார் பந்தயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிறகு ஏறக்குறைய 10 நிமிடம் வெட்டே இல்லாத ஒரே ஷாட். கைகால் கட்டப்பட்ட சிறுவனின் அம்மா அன்னா தத்தித் தத்திப் போய் அந்த டிவியை அணைக்கிறாள். கொலையைக் காட்டாமல், கொலைக்குப் பிந்தைய நேரத்தை முழுசாக உட்கார்ந்து பார்க்க வைக்கிறார்.

பலர் கோபப்படுவது ரிமோட் காட்சிக்குத்தான். அன்னா துப்பாக்கியைப் பறித்துப் பீட்டரைச் சுட்டதும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. உடனே பால் ரிமோட்டைத் தேடியெடுத்து, படத்தையே பின்னால் ஓட்டி அவனைப் பிழைக்க வைக்கிறான். படகில் விழுந்த கத்தியும் அப்படியே: ஆரம்பத்தில் நெருக்கமாகக் காட்டி நம்பிக்கை கொடுத்துவிட்டு, கடைசியில் சர்வசாதாரணமாகத் தண்ணீரில் எறிகிறார்கள்.

பால் கேமராவைப் பார்த்து நம்மிடம் பேசும் இடங்களில் பாடம் நடத்தும் வாடை அடிப்பது உண்மைதான், அந்தக் குறை நியாயமானது. 2007இல் ஹனகேயே இந்தப் படத்தை ஆங்கிலத்தில் ஷாட்டுக்கு ஷாட் திரும்ப எடுத்தார். முதலில் பார்ப்பவர்கள் ஜெர்மன் மொழியில் உள்ள மூலத்தையே பாருங்கள். ஒலியைக் குறைத்து மட்டும் பார்க்காதீர்கள், பாதிப் படம் காதில்தான் நடக்கிறது.