போதைப்பொருளை முழுமையாக விட்டவர்களை மட்டுமே கணக்கில் எடுப்பது சரியா?

ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள மெதடோன், புப்ரனார்பின் போன்ற மருந்துகள் உண்டு. ஆனால் உடலைத் தூண்டிவிடும் போதைப்பொருள்களான மெத்தம்பேட்டமைனுக்கோ கோக்கெய்னுக்கோ அடிமையானவருக்குத் தருவதற்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்த ஒரு மாத்திரைகூடக் கிடையாது. அதனால்தான் சான் பிரான்சிஸ்கோ நகரப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வாளர்கள் நடத்திய இரண்டு ஆய்வுகளை மிக முக்கியமானவையாகக் கருதுகிறேன்.

அவர்கள் எடுத்துக்கொண்ட மருந்து மிர்டாசபின். மனச்சோர்வுக்காக 1996 முதல் அமெரிக்காவில் விற்பனையில் இருக்கும் இம்மருந்து தூக்கத்தையும் பசியையும் கூட்டும். மெத்தம்பேட்டமைனை நிறுத்துபவரை மறுபடி அதன் பக்கம் இழுப்பவற்றுள் தூக்கமின்மையும் மனச்சோர்வும் அடங்கும் என்பதால், இந்தத் தேர்வுக்குத் தெளிவான காரணம் இருந்தது. 2011இல் வெளியான முதல் ஆய்வில், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள் 60 பேர் பங்கேற்றனர். பன்னிரண்டு வாரங்களில், மிர்டாசபின் பெற்றவர்களின் சிறுநீர் மாதிரிகளில் போதைப்பொருள் தென்பட்ட அளவு 73 விழுக்காட்டிலிருந்து 44 ஆகக் குறைந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை பெற்றவர்களிடம் 67இலிருந்து 63 ஆக மட்டுமே இறங்கியது. 2020இல் வெளியான இரண்டாம் ஆய்வில் திருநங்கையரும் சேர்க்கப்பட்டு, 120 பேருக்கு 24 வாரங்கள் மிர்டாசபினோ போலி மாத்திரையோ தரப்பட்டது. பயன்பாடு குறைந்ததோடு, எச்.ஐ.வி. தொற்றுக்கு வழிவகுக்கும் பாலியல் நடத்தைகளும் குறைந்தன. உடல் எடை கூடியது ஒரு பக்கவிளைவு.

என்னை மிகவும் யோசிக்கவைத்த செய்தி வேறொன்று: இரு ஆய்வுகளிலும் பங்கேற்றவர்கள் தரப்பட்ட மாத்திரைகளில் பாதியைக்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை, ஆனாலும் பலன் தெரிந்தது. "இவர்கள் சொன்னபடி மருந்து சாப்பிட மாட்டார்கள், ஆய்வுக்குச் சரிப்பட மாட்டார்கள்" என்று சொல்லி ஒதுக்கும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டவர்களைச் சோதனை எலிகளாக்கக் கூடாது என்ற அச்சம் நியாயமானது, அதற்கு வரலாற்றில் காரணங்களும் உண்டு. ஆயினும் முழு விவரமும் சொல்லி, சம்மதம் பெற்று, பாதுகாப்போடு நடத்தும் ஆய்விலிருந்து நோயின் சுமையை அதிகம் தாங்குபவர்களையே விலக்கிவைப்பதும் அநீதிதான்.

வெற்றியை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதையும் மாற்றிக்கொள்ள வேண்டும். மது, ஹெராயின் போன்றவற்றின் பழக்கத்துக்குத் தரப்படும் நால்ட்ரெக்ஸோன் ஊசியையும், மனச்சோர்வுக்கான புப்ரோபியான் மாத்திரையையும் சேர்த்துத் தந்து, மெத்தம்பேட்டமைன் பழக்கமுள்ள 403 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வில், நான்கு சிறுநீர்ச் சோதனைகளில் மூன்றிலாவது போதைப்பொருள் இல்லாதவர்களே தேறியவர்களாகக் கொள்ளப்பட்டனர். மருந்து பெற்றவர்களில் 13.6 விழுக்காட்டினரும் போலி மருந்து பெற்றவர்களில் 2.5 விழுக்காட்டினரும் அவ்வாறு தேறினர். அந்த எல்லையைத் தொடாமல், வாரத்தில் ஆறு நாள் என்றிருந்த பழக்கத்தை இரண்டு நாளாகக் குறைத்துக்கொண்ட ஒருவர் இந்தக் கணக்கில் தோற்றவராகவே நிற்பார். ஆனால் அவருடைய இதயத்துக்கும் தூக்கத்துக்கும் அந்த நான்கு நாள்கள் எவ்வளவோ பெரியவை.

காப்புரிமை முடிந்து மலிவாகக் கிடைக்கும் மிர்டாசபினுக்காகப் பெரிய ஆய்வு நடத்த எந்த மருந்து நிறுவனத்துக்கும் ஆதாயம் இல்லை. அந்தச் செலவை அரசு நிதி ஏற்க வேண்டும். ஆய்வைத் திட்டமிடும் குழுவில், போதைப்பொருளைப் பயன்படுத்துபவர்களும் முடிவெடுக்கும் உரிமையோடு இடம்பெற வேண்டும்.