கல்லமேட்டு டைனோசர்: முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை

அரியலூர் கல்லமேட்டில் உலகின் மிகப்பெரிய டைனோசரின் முழு எலும்புக்கூடு கிடைத்தது, அது இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று ஒரு பதிவு சொல்கிறது. நம் மண்ணில் கிடைத்தது என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆனால் அங்கே முழு எலும்புக்கூடு கிடைக்கவில்லை.

அந்த விலங்கின் பெயர் புருகத்காயோசாரஸ். ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் அதை விவரித்தபோது அவர்கள் கையில் இருந்தவை இடுப்பெலும்பின் பகுதிகள், தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்னங்கால் எலும்பு, ஒரு வால் முள்ளெலும்பு, அவ்வளவுதான். மண்டை ஓடும் இல்லை, கழுத்தும் இல்லை. முதலில் அதை ஊனுண்ணி என்றே வகைப்படுத்தினார்கள். நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்ற முடிவு பிறகு வந்தது. முழு எலும்புக்கூடு இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காதே! அப்புறம், வருத்தமான செய்தி ஒன்று: அந்த எலும்புகளும் நொறுங்கி அழிந்துவிட்டன. இன்று மிஞ்சியிருப்பவை அவற்றைப் பார்த்து வரைந்த படங்களும் புகைப்படங்களும்தான். 100 டன்னுக்கு மேல் எடை என்பதெல்லாம் அவற்றை வைத்துப் போட்ட கணக்கு.

சரிபார்ப்பது எளிது. விலங்கின் பெயரைத் தேடி, 1987 கட்டுரையில் உள்ள எலும்புப் பட்டியலைப் பாருங்கள். பழைய களப் புகைப்படங்கள் 2022-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இருக்கின்றன. முழு எலும்புக்கூடு என்று யாராவது படம் அனுப்பினால், எந்த அருங்காட்சியகம், எந்தப் பதிவு எண் என்று கேளுங்கள்.