மறம் என்றால் பாவமாம்!

சனிக்கிழமைப் பேச்சுப்போட்டியில் நடந்ததை மீண்டும் விளக்கப்போவதில்லை. காணொளி எல்லோருடைய கைபேசிக்கும் வந்துவிட்டது. "அறமும் மறமும் அம்மாவிடம் கற்றேன்" என்று அந்தப் பிள்ளை சொன்னதும், நடுவர் பெருமகன் ஒலிவாங்கியை எடுத்து, "மறம் என்றால் பாவம். அம்மாவிடம் பாவமா படித்தாய்?" என்று கேட்டார். மண்டபம் சிரித்தது.

ஐயா, மறம் என்றால் வீரம்.

பாவம் என்ற பொருளும் உண்டு, மறுக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிக்கனைப் புரட்டினால் வீரம், சினம், போர், பாவம் எல்லாமே வரும். ஆனால் "மறமானம் மாண்ட வழிச்செலவு தேற்றம்" என்று படைக்குப் பாதுகாப்பான நான்கைச் சொல்லும்போது வள்ளுவர் முதலில் வைத்தது மறத்தை. படைக்குப் பாவமா பாதுகாப்பு?

"வீரம் என்றே சொல்லியிருக்கலாமே, எதற்கு வம்பு?" என்று ஒரு நண்பர் தொலைபேசியில் கேட்டார். சொல்லியிருக்கலாம். வீரம் வடமொழி வழியாக வந்த சொல்; இலத்தீனில் ஆண்மகனைக் குறிக்கும் 'விர்' என்பதும் அதே வேர்தான். தைரியமும் வடமொழிதான். சிங்களத்திலும் இந்த இரண்டும் இருக்கின்றன, கொழும்பில் பஸ் ஏறினால் காதில் விழும். எனக்கு அவற்றோடு பகை இல்லை. தூய தமிழ் வெறி என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். நம்மிடம் இருப்பதையும் தெரிந்து வைத்திருங்கள் என்கிறேன், அவ்வளவுதான். தறுகண் என்றார்கள், வன்கண் என்றார்கள். துணிவைக் கண்ணில் வைத்துப் பார்த்த மொழி இது. எறிந்த வேல் பாய்ந்து வரும்போது விழித்த கண் இமைத்தாலே அது தோற்று ஓடியதற்குச் சமம் என்கிறது குறள். தொல்காப்பியரோ வீரச்சுவைக்குப் பெருமிதம் என்று பெயரிட்டு, அது கல்வி, தறுகண், புகழ்மை, கொடை என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்றார். நான்கில் முதலாவது கல்வி! மேடையேறிப் பேசிய ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அது பொருந்தாதா?

"மனிதர் என்றால் பிழை விடத்தானே செய்வார், பெரியவரை இப்படிக் கதைக்கலாமா?" பிழை விடட்டும். பிழையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வைத்தாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதுவும் அவளுடைய அம்மாவை இழுத்து.

அம்மாவிடம் மறம் கற்க முடியாதா? 1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரம் நடந்தபோது, நான் சிறுவன். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். காலி வீதியில் கடைகள் எரிந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா எங்களைத் தன் அடுப்படிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, கேற்றில் போய் நின்றார். கையில் ஒன்றும் இல்லை. "மெஹே கவுருத் நே" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. இங்கே ஒருவரும் இல்லையாம். வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், அவரும் அதையே சொன்னார், குரலை உயர்த்தவே இல்லை. என் அம்மா எங்கள் தம்பியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, தான் அழாமல் இருந்தார். அந்த இரண்டு பெண்களும் மறவர்கள் இல்லையென்றால் வேறு யாரை அப்படிச் சொல்வது? சிலைக்கும் குதிரைக்கும் மட்டும்தானா அந்தச் சொல்?

"அறத்திற்கே அன்புசார் பென்ப அறியார் மறத்திற்கும் அஃதே துணை." பரிமேலழகர் அதற்கு மறத்தை நீக்குவதற்கும் அன்பே துணை என்று உரை எழுதினார் என்று இப்போது யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும், படித்திருக்கிறேன். மு. வரதராசனார் வீரத்திற்கும் அன்பே துணை என்று எழுதினார். எனக்கு மு.வ. போதும். பரிமேலழகர்தான் வேண்டும் என்பவர்கள் உட்பெட்டிக்கு வாருங்கள், ஆனால் இன்று வேண்டாம். இன்று யாருக்கும் பதில் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை.