நான்காவது அடுக்குதான் வினை

ஸ்பெயினின் 'சாந்திசிமா திரினிதாத்' போர்க்கப்பலைப் பற்றி நான் படித்த கட்டுரை, அதை வெல்ல முடியாத கடல்கோட்டை என்று வர்ணிக்கிறது. அளவில் சரி, சண்டையில் அப்படிச் சொல்ல முடியாது. 1769-இல் ஹவானாவில் கடலில் இறக்கியபோது அது பீரங்கிகளுக்கு மூன்று அடுக்குகள் கொண்ட கப்பல். 1790-களில் மேல்தளத்தின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைத்து, நான்காவது அடுக்கிலும் பீரங்கிகளை ஏற்றினார்கள். எண்ணிக்கை 130-ஐ எட்டியது. ஏற்கெனவே சுமாராக ஓடும் கப்பல், தலைப்பாரமும் கூடினால் கேட்கவா வேண்டும்! காற்று குறைந்தால் திருப்புவதற்கே பெரும்பாடு.

1797-இல் சான் விசென்டே முனைச் சண்டையில் பிரிட்டிஷாரிடம் சிக்கவிருந்ததை ஸ்பெயினின் இன்னொரு கப்பலான 'பெலாயோ' வந்து மீட்டது. 1805-இல் பிரிட்டிஷாருடன் நடந்த டிரஃபால்கர் கடற்போரில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. பாய்மரங்கள் சாய்ந்து, பீரங்கிச் சத்தமும் ஓய்ந்திருந்த நேரத்தில், 64 பீரங்கிகளே கொண்ட 'ஆப்பிரிக்கா' என்ற பிரிட்டிஷ் கப்பலிலிருந்து ஓர் அதிகாரி சரணாகதியைப் பெற்றுக்கொள்ள ஏறி வந்தார். "நாங்கள் இன்னும் சரணடையவில்லை" என்று சொல்லி, அவரைப் பிடித்து வைக்காமல் மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்களாம். கட்டுரையில் இது விட்டுப்போனதுதான் எனக்குக் குறை.

அப்புறம் சரணடைய வேண்டியதாயிற்று. பிரிட்டிஷார் இழுத்துச் செல்லப் பார்த்தார்கள், புயல் விடவில்லை. காயம்பட்டவர்களில் முடிந்தவரைப் படகுகளில் இறக்கிவிட்டு, ஸ்பெயினின் காடிஸ் துறைமுகம் அருகே கப்பலை மூழ்கடித்தார்கள்.

அதிலிருந்த தளபதி சிஸ்னெரோஸ் பிழைத்து, 1809-இல், அப்போது ஸ்பெயின் ஆட்சியிலிருந்த தென் அமெரிக்காவின் புவனோஸ் ஐரெஸுக்கு வைஸ்ராயாகப் போனார். மறு வருஷம் அங்கே நடந்த மே மாதப் புரட்சியில் அந்தப் பதவியும் பறிபோனது.