பெருஞ்சுவருக்கு ஒரு முழு நாளைக் கொடுங்கள்

பெய்ஜிங் போகத் திட்டமிடுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் இரண்டு. பெருஞ்சுவரில் எந்தப் பகுதி பக்கம்? எங்கே கூட்டம் குறைவு? இந்த இரண்டை மட்டும் வைத்து முடிவெடுத்துவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

சீனப் பெருஞ்சுவர் ஒரே மூச்சில் கட்டிய ஒரே சுவர் அல்ல. பல வம்சங்கள் பல நூற்றாண்டுகளில் கட்டியதையெல்லாம் சேர்த்து அதன் நீளம் 21,196 கிலோமீட்டர் என்று 2012இல் சீன அரசு அறிவித்தது. மேற்கே கான்சுவின் வறண்ட நிலத்தில் நாணலையும் சரளை மண்ணையும் மாற்றி மாற்றி அடுக்கி எழுப்பிய ஹான் வம்ச காலச் சுவர் நிற்கிறது. கிழக்கே ஷான்ஹைகுவானில் சுவர் கடலுக்குள்ளேயே இறங்குகிறது. பெய்ஜிங்கைச் சுற்றி நாம் பார்ப்பவை பெரும்பாலும் 1368 முதல் 1644 வரை ஆண்ட மிங் வம்சத்தின் வேலை. அவற்றிலும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு குணம். எங்கே ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே என்ன பார்க்கிறீர்கள் என்பதும் அமையும்.

சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் போவது பாதாலிங். 1957இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 1972இல் அமெரிக்க அதிபர் நிக்சன் வந்து நின்றதும் இங்கேதான். 2019 இறுதியில் அதிவேக ரயிலும் வந்துவிட்டது. மலைக்கு அடியில் சுமார் நூறு மீட்டர் ஆழத்தில் ரயில் நிலையம். அதே ஆண்டில், ஒரு நாளைக்கு 65,000 பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று வரம்பு விதித்தார்கள். வரம்பே அவ்வளவு என்றால் விடுமுறை நாளில் அந்தப் படிகளில் கால்வைக்க இடமிருக்குமா என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முழங்கால் வலியோடு அம்மாவையோ தாத்தாவையோ அழைத்துப்போகிறவர்கள் பாதாலிங்கைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். கேபிள் கார் இருக்கிறது, பாதை சீராக இருக்கிறது, போக்குவரத்து எளிது. என் கோபமெல்லாம் காலையில் மிங் கல்லறைகள், நடுவில் ஒரு ஜேட் கல் கடை, மதியத்துக்குமேல் அரக்கப்பரக்கச் சுவர் என்று ஒரே நாளில் திணித்து விற்கும் பயணத் திட்டங்கள்மீதுதான். அப்படிப் போகிறவர்களுக்குப் படம் எடுக்க நேரம் கிடைக்கும். சுவரைப் பார்க்கக் கிடைக்காது.

முத்தியன்யூ குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஏற்றது. காடு சூழ்ந்த மலை, சுவரின் இரண்டு பக்கமும் பல்வரிசைக் கைப்பிடிச் சுவர், இறங்குவதற்கு ஒரு சறுக்கு வண்டி. அரை நாள்தான் இருக்கிறது என்றால் நானும் இதையே சொல்வேன்.

மொழிகளில் ஈடுபாடு உள்ளவர்களுக்காக இடையில் ஒன்று. ஜூயோங்குவான் கணவாயில், இன்றைய மிங் சுவருக்கும் முந்தைய, மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்து வளைவு வாயில் ஒன்று இருக்கிறது. 1345இல் முடிந்த வேலை. அதன் உட்சுவரில் பௌத்த மந்திரங்களை சமஸ்கிருதம், திபெத்தியம், மங்கோலியம், உய்குர், சீனம், தாங்குத் என ஆறு எழுத்துகளில் செதுக்கியிருக்கிறார்கள். வடமேற்கில் வாழ்ந்த தாங்குத் மக்களின் எழுத்தை இன்று யாரும் அன்றாடம் எழுதுவதில்லை. கல்லில் அது கூர்மையாக இருக்கிறது. இதைப் பார்க்காமலே நேராகப் படியேறப் போகிறவர்கள் ஏராளம்.

என் தேர்வு ஜின்ஷான்லிங். பெய்ஜிங்கிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், ஹெபெய் மாகாணத்தின் லுவான்பிங் வட்டாரத்தில் இருக்கிறது. போகவர மட்டுமே நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பதால்தான் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தைக் கொடுக்கலாம் என்று உறுதியாகச் சொல்வேன். சுமார் பத்தரைக் கிலோமீட்டரில் 67 கோபுரங்கள். சுவர் போருக்காகக் கட்டப்பட்டது என்பது இங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது.

தென்கடலோரக் கொள்ளையரோடு பொருது பெயர் பெற்ற தளபதி சி ஜிகுவாங் 1568இல் வட எல்லைக்கு அனுப்பப்பட்டார். அங்கே வீரர்கள் மழையிலும் பனியிலும் ஒதுங்க இடமின்றி நின்றதையும், ஆயுதங்களைப் பத்திரப்படுத்த வசதி இல்லாததையும் கண்டு, உள்ளே இடம்விட்ட கோபுரங்களைக் கட்டச் சொன்னார். கீழே ஆட்கள் தங்கவும் வெடிமருந்து வைக்கவும் அறைகள், மேலே காவல் மாடம். ஜின்ஷான்லிங்கில் ஒவ்வொரு கோபுரத்துக்குள்ளும் நுழைந்து பாருங்கள்: ஒன்றில் கூரை வளைவு, இன்னொன்றில் தட்டைக் கூரை, வாசல்களின் எண்ணிக்கைகூட மாறும்.

செங்குத்தான ஏற்றங்களில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கோபுரத்தை நோக்கிப் போகும் படிகளுக்குக் குறுக்கே, பாதையின் பாதி அகலத்துக்கு, ஆள் உயரத் தடுப்புச் சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் துளைகள். எதிரி சுவர்மேல் ஏறிவிட்டாலும் வீரர்கள் ஒரு தடுப்பிலிருந்து அடுத்ததற்குப் பின்வாங்கி, மேலிருந்தபடி சண்டையைத் தொடரலாம். அவற்றைச் சுற்றிச் சுற்றி மூச்சிரைக்க ஏறும்போது அந்த ஏற்பாட்டின் கெட்டித்தனம் நம் காலுக்கே புரிந்துவிடும்.

செங்கற்களையும் நின்று பாருங்கள். சிலவற்றின் பக்கவாட்டில் எழுத்து பதிந்திருக்கும்: மிங் பேரரசர் வான்லி ஆட்சியின் ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு, இன்ன படைப்பிரிவு செய்தது என்று. அதாவது 1577, 1578. கல் விரிசல் விட்டால் யாரைக் கேட்பது என்பதற்கான பதிவு அது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் விரல் வைத்தால் எழுத்தின் பள்ளம் தட்டுப்படுகிறது. தயவுசெய்து அதன் பக்கத்தில் உங்கள் பெயரைக் கீறிவிடாதீர்கள்.

ஜியான்கோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெள்ளைப் பாறை முகடுகளில் இடிந்து தொங்கும் அந்தச் சுவரின் படங்களைப் பார்த்துவிட்டு, உண்மையான சுவர் அதுதான் என்று இளைஞர்கள் கிளம்புகிறார்கள். அது பார்வையாளர்களுக்குத் திறக்கப்படாத பகுதி. திறக்கப்படாத பகுதிகளுக்கு ஆட்களைத் திரட்டி அழைத்துப்போவதை 2006ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதிகளே தடை செய்கின்றன. சட்டத்தை விடுங்கள், அங்கே சுண்ணாம்புப் பிடி விட்டுப்போன செங்கற்கள் காலடிக்குக் காலடி பெயர்கின்றன. ஏறுகிறவர் விழுந்து சாகலாம். விழாமல் திரும்பினாலும் சுவரில் சில கற்கள் குறைந்திருக்கும். பழமையை நேசிப்பதாகச் சொல்லிக்கொண்டு இதைச் செய்வதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அந்தக் காட்சி வேண்டுமென்றால் முத்தியன்யூவின் மேற்குக் கோடிவரை நடந்துபோங்கள். செப்பனிட்ட சுவர் முடிந்து, செடி முளைத்த பழைய சுவர் ஜியான்கோ பக்கம் மலையேறிப் போவது தெரியும்.

இடிந்த சுவரின் அழகை முறையாகவே பார்க்க ஜின்ஷான்லிங்கின் கிழக்குப் பகுதி போதும். அங்கே செப்பனிடுதல் குறைவு, நடக்க அனுமதி உண்டு. செப்டம்பர் பிற்பாதியிலோ அக்டோபர் நடுவிலோ போங்கள். அக்டோபர் முதல் வாரம் சீனர்களுக்கு நீண்ட விடுமுறை, அதைத் தவிருங்கள். மேலே நிழல் கிடையாது, தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். விடியும் முன்பே பெய்ஜிங்கை விட்டுக் கிளம்பிவிட்டால், பிற்பகல்வரை அவசரமில்லாமல் நடக்கலாம்.