மடல் நிற்கிறது, இரங்கல் வேண்டாம்

சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களின் படைப்புகளையும் போட்டி அறிவிப்புகளையும் சேர்த்து நான் மாதந்தோறும் அனுப்பி வந்த எழுத்தாளர் மடல் டிசம்பர் இதழோடு நிற்கிறது. வேறு வேலைகள் சேர்ந்துவிட்டன. மகளுக்கு அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. மாமனாரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போவது என் பொறுப்பு. என் சிறுகதைத் தொகுப்போ பாதியில் கிடக்கிறது. ஊருக்கெல்லாம் போட்டியின் இறுதி நாளை நினைவூட்டிவிட்டு, நான் எதற்கும் கதை அனுப்பாமல் இருப்பது எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

செய்தி தெரிந்ததும் மூத்த எழுத்தாளர் ஒருவர் கூப்பிட்டார். "என்னம்மா, இப்படிப் பண்ணிட்டே?" என்றார். இழவு வீட்டுக் குரல். "ஐயா, மடல்தான் நிக்குது, நான் நல்லா இருக்கேன்" என்றேன். மடலைத் திறந்தே பார்க்காத சிலரும் வருத்தம் தெரிவித்தார்கள். யார் திறந்தார்கள் என்பது அனுப்புகிறவருக்குத் தெரியும் நண்பர்களே! சரி, அன்பு அன்புதான்.

மாதம் ஒன்றுதானே, அதற்கு என்ன பெரிய வேலை என்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். இன்னமும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதில் கொம்பை முதலில் அடித்து எழுத்தை அப்புறம் அடிக்க வேண்டும். இன்று கணினியிலும் கைப்பேசியிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடில் வரிசை தலைகீழ். மாற்றி எடுத்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும். வரிவரியாக உட்கார்ந்து சேர்க்க வேண்டும். சிலர் கையால் எழுதியதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், அதுவும் பக்கவாட்டில். உட்லண்ட்ஸிலிருந்து வேலைக்குப் போகும் எம்ஆர்டி ரயில் பயணத்தில் நான் படித்திருக்க வேண்டிய நாவல்களின் இடத்தை இந்தக் கொம்புகள்தான் பிடித்துக்கொண்டன.

நம்மவர்களுக்கு ஓர் இதழை நிறுத்துவது என்றால் தோல்வி. அதனாலேயே யாரும் நிறுத்துவதில்லை, தேய விடுகிறார்கள். முதலில் இரு மாத இதழ் என்று சேர்த்து வரும். அடுத்து "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற பெட்டிச் செய்தி. அதன் பிறகு சத்தமே இருக்காது. சந்தா கட்டியவரும் கேட்கக் கூச்சப்படுவார். அதைவிட, நாள் குறித்து, சொல்லிவிட்டு நிறுத்துவது வாசகருக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறேன்.

மகுதூம் சாயபு சிங்கப்பூரில் நடத்திய 'சிங்கை நேசன்' 1887-இல் தொடங்கி 1890-இல் நின்றுபோன வார இதழ். மூன்றாண்டு வாழ்க்கைதான். ஆனால் இந்த ஊர்த் தமிழ் இதழியலைப் பற்றிப் பேசும் எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. காரணம், பிரதிகள் தப்பித்தன. தேசிய நூலகத்தில் இன்றும் படிக்கலாம். 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு நாளிதழ் இன்றும் வருகிறதே என்பீர்கள். அங்கே அலுவலகம் இருக்கிறது, சம்பளம் வாங்குகிற செய்தியாளர்கள் இருக்கிறார்கள். பிள்ளை தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் நடக்கிற காரியத்தை அதோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

எத்தனை காலம் வந்தது என்பதைவிட, வந்தது எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சிங்கப்பூர்ச் சுதந்திரத்தின் 50-ஆம் ஆண்டான 2015-இல், இங்கே வெளியான தமிழ் நூல்கள் சுமார் 350-ஐ மின்வடிவமாக்கினார்கள். தன்னார்வலர்கள் உழைத்ததால் நடந்தது. நம் குழுமங்களின் மடல்களும் அழைப்பிதழ்களும் அப்படி யார் கையிலாவது இருக்கின்றனவா? பழைய கைப்பேசியோடு போனவைதான் அதிகம். கடைசி இதழ் போனதும், எல்லா இதழ்களையும் ஒரே கோப்பாக்கி, கேட்பவர்களுக்கு அனுப்புவேன்.

"வேற யார்கிட்டயாவது குடுத்துடுங்க" என்பவர்களுக்கு: கொடுக்க மாட்டேன். என் பழக்கங்களையும் நான் பாக்கி வைத்த பதில்களையும் ஓர் இளையவர் தலையில் கட்டுவது பாவம். அவர் இன்ஸ்டகிராமில் செய்யலாம், ஒலிப்பதிவாகச் செய்யலாம், புதுப் பெயர் வைக்கட்டும். என்னிடமுள்ள நாட்காட்டியை மட்டும் தருகிறேன். ஏப்ரலில் தமிழ் மொழி விழா, ஆண்டின் பிற்பகுதியில் சிங்கப்பூர் எழுத்தாளர் விழா, தங்கமுனை விருது என்ற எழுத்துப் போட்டி வரும் ஆண்டு, எந்தப் போட்டிக்கு எத்தனை சொற்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. வேண்டுபவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.

டிசம்பர் இதழுக்குப் படைப்பு அனுப்புபவர்கள் தயவுசெய்து யூனிகோடில் அனுப்புங்கள்.